அறுபதிலும் விடலாம்

லண்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகளை விசாரித்த டாக்டர் ரிச்சர்ட் டால், தார்ச் சாலைதான் காரணமாக இருக்கும் என்று முதலில் நினைத்தாராம். 1950-இல் வெளியான விடை: சிகரெட். புகைத்துக்கொண்டிருந்த அவரே ஆய்வின் நடுவில் விட்டுவிட்டார். அடுத்து பிரிட்டிஷ் டாக்டர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 30 வயதில் விட்டால் ஆயுள் சுமார் 10 ஆண்டு கூடும். 60-இல் விட்டாலும் 3 ஆண்டு.

நான் விட்டது ரிடையர் ஆன பிறகுதான். கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். தினமும் காலையில் மகள் போனில், "இன்னிக்கு எத்தனாவது நாள்ப்பா?" என்பாள். பதினோராம் நாள் தவறிவிட்டேன். மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டவில்லை. "சரிப்பா, நாளைக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணலாம்" என்றாள்.

இப்போது வயது 74. விட முயலும் நண்பரிடம் நீங்களும் நாளைக் கேளுங்கள், தவறினால் திட்டாதீர்கள்.