காலையில் பெஸ்ட், மாலையில் பூடா... டான்யூப் நதிக்கரையில் ஒரு நாள்!

ஐரோப்பா டூர் என்றதும் நம்மில் பலர் போடும் லிஸ்ட்டில் பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து மூன்றும் கண்டிப்பாக இருக்கும். நாலாவதாக ஒரு ஊரைச் சேர்க்கச் சொன்னால், தயங்காமல் புடாபெஸ்ட்டைச் சேர்க்கலாம். ஹங்கேரியின் தலைநகரம். நடுவில் அகலமாக ஓடும் டான்யூப் நதி, ஒரு கரையில் குன்றும் கோட்டையும், மறு கரையில் சமவெளியும் நாடாளுமன்றமும். இந்த ஊரின் அழகான இடங்களில் பெரும்பாலானவற்றை டிக்கெட் இல்லாமலே பார்த்துவிடலாம் என்பது நம்ம பட்ஜெட்டுக்கு நல்ல செய்தி.

ஆனால், இந்த ஊரைப் பார்ப்பதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது தெரியாமல் போனால் நாள் முழுக்க சூரியனுக்கு எதிரே நின்று கறுப்பு கறுப்பாக போட்டோ எடுத்துக்கொண்டிருப்பீங்க. அதைவிட முக்கியம், எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் திரும்பி வந்துடுவீங்க. வாங்க, ஒரு நாள் சுத்திப் பார்த்துட்டு வரலாம்.

ரெண்டு ஊர், ஒரு பெயர்

புடாபெஸ்ட் என்பது ஒரு காலத்தில் ஒரே ஊர் இல்லை. மேற்குக் கரையில் பூடா, அதற்கு வடக்கே பழைய பூடா, கிழக்குக் கரையில் பெஸ்ட். மூன்றும் தனித்தனி ஊர்கள். 1873-ல்தான் இவை ஒன்றாக இணைக்கப்பட்டன. உள்ளூர்க்காரர்கள் இன்றைக்கும் 'புடாபெஷ்ட்' என்றுதான் உச்சரிப்பார்கள். டான்யூப்பின் இரு கரைகளும் பூடா கோட்டைப் பகுதியும் 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தன. நமக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1913-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் அம்மா ஹங்கேரியர்.

சூட்சுமம் இதுதான். ஒரு கரையின் அழகு எதிர்க் கரையில் நின்றால்தான் தெரியும். காலையில் சூரியன் பெஸ்ட் பக்கம் உதித்து, பூடா குன்றின் முகத்தில் வெயிலடிக்கும். அதனால் காலையில் பெஸ்ட்டில் நின்று பூடாவைப் பாருங்க. மாலையில் சூரியன் பூடா பின்னால் இறங்கும்போது, வெளிச்சம் நாடாளுமன்றத்தின் நதி பார்த்த பக்கத்தில் விழும். அப்போது பூடாவில் நின்று பெஸ்ட்டைப் பாருங்க. அவ்வளவுதான்.

காலை: 2-ம் நம்பர் டிராம்

பெஸ்ட் கரையை ஒட்டியே ஓடும் 2-ம் நம்பர் டிராமில் ஏறி, நதி தெரியும் பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்துடுங்க. பாலங்கள், கோட்டை, குன்று எல்லாம் வரிசையாக வந்துபோகும். சாதாரண டிராம் டிக்கெட் விலைக்கு இவ்வளவு காட்சி வேறெங்கும் கிடைப்பது கஷ்டம்.

நாடாளுமன்றம் அருகே கொஷூத் சதுக்கத்தில் இறங்கலாம். 268 மீட்டர் நீளம், நடுவில் 96 மீட்டர் உயரக் கோபுரம். அது என்ன 96? ஹங்கேரியர்களின் மூதாதையரான மகியார்கள் இந்தச் சமவெளிக்கு வந்து சேர்ந்ததாகக் கொண்டாடும் ஆண்டு 896. அதன் ஆயிரமாவது ஆண்டு 1896. ஊருக்குள் இருக்கும் செயின்ட் ஸ்டீபன் பேராலயத்துக்கும் இதே 96 மீட்டர் உயரம்தான். அரசும் ஆன்மிகமும் சமம் என்று இதற்கு அர்த்தம் சொல்வார்கள். அந்தப் பேராலயத்தின் கோபுரத்தைச் சுற்றி ஒரு பார்வை மாடம் இருக்கிறது. பெஸ்ட்டின் கூரைகளை மேலிருந்து பார்க்க ஆசையென்றால் டிக்கெட் எடுத்து ஏறலாம்.

நாடாளுமன்றத்தை வடிவமைத்தவர் இம்ரே ஷ்டெய்ன்டில். வேலை 1885-ல் தொடங்கியது. கட்டடம் முழுமையாக முடிவதற்குள், 1902-ல் அவர் இறந்துவிட்டார். உள்ளே போக வேண்டுமானால் கைடுடன் கூடிய டூர் உண்டு. ஹங்கேரி மன்னர்களின் புனித கிரீடத்தைப் பார்க்கலாம். உச்சியில் இருக்கும் சிலுவை சாய்ந்திருக்கும். கவனிச்சுப் பாருங்க.

கரையோரம் கழற்றிவைத்த செருப்புகள்

நாடாளுமன்றத்திலிருந்து தெற்கே, நதியை ஒட்டி நடந்தால் சில நிமிடங்களில் ஓர் இடம் வரும். கரையின் விளிம்பில் வரிசையாக ஷூக்கள். ஆண்கள் போடும் பூட்ஸ், பெண்களின் ஹீல்ஸ், நடுவில் குழந்தைகளின் குட்டிச் செருப்பு. பக்கத்தில் போனால்தான் எல்லாமே இரும்பு என்று தெரியும். மொத்தம் 60 ஜோடிகள்.

1944 அக்டோபரில் ஹங்கேரியில் 'ஆரோ கிராஸ்' என்ற பாசிசக் கட்சி நாஜிகளின் துணையோடு ஆட்சியைப் பிடித்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் அந்தக் கட்சியின் ஆயுதப் படையினர், யூதர்களைக் கூட்டம் கூட்டமாக டான்யூப் கரைக்கு இழுத்துவந்தார்கள். சுடுவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். போர்க்காலத்தில் செருப்புக்கு விலை உண்டு, அதைப் போட்டிருந்த ஆளுக்கு இல்லை! உடல்களை நதி அடித்துச் சென்றது.

திரைப்பட இயக்குநர் ஜான் தோகாய் யோசனையில், சிற்பி க்யூலா பாவர் உருவாக்கிய இந்த நினைவிடம் 2005-ல் அமைக்கப்பட்டது. சுற்றுச்சுவரோ வாசலோ டிக்கெட்டோ கிடையாது. அதனாலேயே, இதைக் கடற்கரை செட்டிங் மாதிரி நினைத்து, அந்த ஷூவுக்குள் காலை விட்டு போஸ் கொடுப்பவர்களும் உண்டு. போட்டோ எடுக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. ஆனால், எதற்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறோம் என்று ஒரு நொடி யோசிக்கலாம். வருகிறவர்கள் பூ வைப்பார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், சின்னக் கல் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். கல் வைப்பது யூதர்களின் அஞ்சலி முறை. நீங்களும் ஒரு கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே பூடா கோட்டை காலை வெயிலில் பளபளவென்று தெரியும். அவர்கள் கடைசியாகப் பார்த்ததும் இந்தக் கரையைத்தான்.

செயின் பிரிட்ஜ்: கனவு கண்டவர் நடக்காத பாலம்

இன்னும் கொஞ்சம் தெற்கே, கல் சிங்கங்கள் காவல் காக்கும் சேச்செனி செயின் பிரிட்ஜ். இது வருவதற்கு முன்பு பூடாவுக்கும் பெஸ்ட்டுக்கும் நடுவே நிரந்தரப் பாலம் கிடையாது. மிதவைப் பாலமும் படகும்தான். குளிர்காலத்தில் நதியில் பனிக்கட்டி மிதந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். 1820 டிசம்பரில் அப்பா இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட இஷ்த்வான் சேச்செனி என்ற பிரபு, நதியைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் காத்திருந்தாராம். பாலம் கட்ட வேண்டும் என்ற வைராக்கியம் அங்கே பிறந்ததாகச் சொல்வார்கள்.

வடிவமைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் டியர்னி கிளார்க். கூடவே நின்று கட்டி முடித்தவர் ஸ்காட்லாந்தின் ஆடம் கிளார்க். பெயர்தான் ஒன்று, ரெண்டு பேரும் உறவினர்கள் இல்லை. அதுவரை சுங்கம் கட்டாமல் சலுகை அனுபவித்த பிரபுக்களும் இந்தப் பாலத்தில் காசு கொடுத்துத்தான் கடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 1849 நவம்பர் 20 அன்று பாலம் திறக்கப்பட்டபோது, சேச்செனி வியன்னா அருகே மனநல மருத்துவமனையில் இருந்தார். 1860-ல் அங்கேயே இறந்தார். முடிந்த பாலத்தில் அவர் ஒருமுறைகூட நடக்கவில்லை.

1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் இந்தப் பாலத்தைத் தகர்த்தன. இது மட்டுமல்ல, அந்தப் போரில் ஊரின் எல்லா டான்யூப் பாலங்களும் போய்விட்டன. சரியாக நூறாவது ஆண்டு நிறைவில், 1949 நவம்பர் 20 அன்று செயின் பிரிட்ஜ் மறுபடியும் திறக்கப்பட்டது. அதனால் பஸ்ஸில் போகாமல் நடந்தே கடந்துடுங்க.

மதியம்: கோட்டைக் குன்று

பாலத்தைக் கடந்ததும் ஆடம் கிளார்க் சதுக்கம். பூஜ்ய வடிவில் ஒரு கல் நிற்கும். புடாபெஸ்ட்டிலிருந்து சாலைத் தூரங்களை அளப்பது இங்கிருந்துதான். அங்கேயே 1870-ல் தொடங்கப்பட்ட இழுவை ரயில் மேலே போகிறது. க்யூவும் டிக்கெட் விலையும் பயமுறுத்தினால், பக்கத்துப் பாதையில் ஏறிவிடலாம். முட்டி வலி இருக்கிற அம்மா, அப்பாவோடு போனால் 16-ம் நம்பர் பஸ் கோட்டை மேலேயே இறக்கிவிடும்.

மேலே அரண்மனை, மத்தியாஸ் ஆலயம், அதையொட்டி 'ஃபிஷர்மேன்ஸ் பாஸ்டியன்' என்ற மீனவர் கொத்தளம். பார்க்க பழங்காலக் கோட்டை மாதிரி இருந்தாலும், ஃப்ரிட்யெஷ் ஷூலெக் என்ற கட்டடக் கலைஞர் 1895 முதல் 1902 வரை கட்டியது இது. போருக்காக அல்ல, அழகுக்காக. ஏழு கோபுரங்களும் ஏழு மகியார் தலைவர்களைக் குறிக்கின்றன. கோட்டைச் சுவரின் இந்தப் பகுதியை அந்தக் காலத்தில் மீனவர் சங்கத்தினர் காத்ததால் இந்தப் பெயர் வந்ததாம். மேல் மாடத்துக்குத்தான் டிக்கெட். கீழ் மாடத்தின் வளைவுகள் வழியாகவே நாடாளுமன்றம் அழகாகத் தெரியும். காசு மிச்சம்!

மாலை: கெல்லேர்ட் குன்று

ஊரின் ஒட்டுமொத்தக் காட்சியும் வேண்டுமென்றால் 235 மீட்டர் உயரமுள்ள கெல்லேர்ட் குன்றுக்குத்தான் போகணும். ஆற்றின் வளைவு, பாலங்கள், இரு கரைகள் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடும். உச்சியில் பனை ஓலையை உயர்த்திப் பிடித்த பெண் சிலை. 1947-ல் சோவியத் வீரர்களுக்கு நன்றி சொல்லி வைத்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, அடியில் இருந்த சோவியத் வீரர் சிலை ஊருக்கு வெளியே மெமென்டோ பூங்காவுக்குப் போனது. பெண் சிலை மட்டும் நின்றது. இப்போது ஹங்கேரியின் சுதந்திரத்துக்காக உயிர் கொடுத்த அனைவருக்கும் அது நினைவுச் சின்னம். சிலை அதேதான், வாசகம்தான் மாறியது.

பக்கத்தில் இருக்கும் சிட்டடெல்லா கோட்டை, 1848-49 புரட்சியை அடக்கிய பின் ஹாப்ஸ்பர்க் அரசு ஊரைக் கண்காணிக்கக் கட்டியது. இது புதுப்பிப்புப் பணிகளுக்காகப் பல வருஷம் மூடிக்கிடந்த இடம். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டு ஏறுங்க.

இரவு: விளக்கு போடும் நேரம்

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே பூடா கரையின் பத்யானி சதுக்கத்துக்கு வந்துடுங்க. மெட்ரோ நிலையமே அங்கு இருக்கிறது. நேர் எதிரே நாடாளுமன்றம். வானம் நீலமாக இருக்கும்போதே விளக்குகள் எரியத் தொடங்கினால், கட்டடம் தங்கமாக மாறித் தண்ணீரில் நீளமாக விழும். அதற்குப் பிறகும் தெம்பிருந்தால் தெற்கே பச்சை நிற லிபர்ட்டி பாலம். கோடை மாலைகளில் உள்ளூர் இளைஞர்கள் அதன் இரும்புச் சட்டங்களில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். நீங்கள் நடைபாதையில் நின்று பார்த்தால் போதும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஆனால் யூரோ நாடு இல்லை, ஹங்கேரியின் பணம் ஃபோரின்ட்.
* டிராம், மெட்ரோ, பஸ் மூன்றுக்கும் சேர்த்து 24 மணி நேரம், 72 மணி நேரம் செல்லும் பாஸ் உண்டு. ஒற்றை டிக்கெட் எடுத்தால் மறக்காமல் மெஷினில் பதிவு செய்துடுங்க. இல்லையென்றால் அபராதம்.
* 1-ம் நம்பர் மெட்ரோவில் ஒருமுறை போய்வாங்க. 1896-ல் ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க மின்ரயில்.
* கல் பாவிய தெருக்கள் அதிகம். நடக்க வசதியான ஷூ முக்கியம்.
* கரையோர நினைவிடத்துக்குச் சாலையைக் கடந்து போக வேண்டியிருக்கும். வண்டிகள் வேகமாக வரும், சிக்னல் பார்த்துக் கடங்க.

உடைந்த பாலத்தை அதே இடத்தில் திரும்பக் கட்டிய ஊர் இது. உயிரோடு திருப்பித்தர முடியாதவர்களுக்காக, இரும்பில் செருப்பு செய்து வைத்த ஊரும் இதுதான். போட்டோக்கள் எடுங்க, நிறைய எடுங்க. அந்த அறுபது ஜோடிக்குப் பக்கத்தில் மட்டும், போனை ஒரு நிமிஷம் பைக்குள் வைத்துவிட்டு நில்லுங்க.