பில்லி எக்ஸ்டைன்: ஒரு புகைப்படத்தின் விலை

1950 ஏப்ரல் 24 ஆம் திகதியிட்ட அமெரிக்க 'லைஃப்' சஞ்சிகையில் ஒரு புகைப்படம் வெளியானது. பிரபல பாடகர் ஒருவரைச் சூழ்ந்து இளம் ரசிகைகள் நிற்கின்றனர். அவர்களுள் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தபடி அவரது மார்பில் தலை சாய்த்திருக்கிறாள். பாடகரும் சிரிக்கிறார். படத்தில் வேறெதுவும் இல்லை. ஆனால், பாடகர் கறுப்பினத்தவர்; அவள் வெள்ளையினத்தவள். அன்றைய அமெரிக்காவில் அதுவே போதுமானதாக இருந்தது.

அப்பாடகர் பில்லி எக்ஸ்டைன். 1914 இல் பிட்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர். 1939 இல் ஏர்ல் ஹைன்ஸின் வாத்தியக் குழுவில் பாடகராகச் சேர்ந்தார். நடன மண்டபங்களில் பதினைந்து பதினாறு கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து வாசித்த பெருங்குழுக்களின் காலம் அது. பாடகர் என்பவர் இடையில் எழுந்து ஒரு பாட்டைப் பாடிவிட்டு அமர்பவர், அவ்வளவுதான். அந்த நிலையிலிருந்து தலைமைக்கு உயர்ந்தவர்கள் மிகச் சிலரே.

எக்ஸ்டைன் 1944 இல் சொந்தக் குழுவை அமைத்தார். அக்குழுவின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் இன்றும் வியப்பே மேலிடும். டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்ளி பார்க்கர், டெக்ஸ்டர் கோர்டன், ஆர்ட் பிளேக்கி, பாடகி சாரா வோன் ஆகியோர் அதில் இருந்தனர். சென் லூயிஸ் நகருக்கு அக்குழு வந்தபோது, நோயுற்ற ட்ரம்பெட் கலைஞருக்குப் பதிலாக உள்ளூர் இளைஞர் ஒருவர் வாசித்தார். அவருக்கு அப்போது வயது 18. பெயர் மைல்ஸ் டேவிஸ். பின்னர் அவரும் இக்குழுவில் சேர்ந்தார். 'பீபொப்' எனும் புதிய ஜாஸ் இசைக்கு இக்குழுவே பாசறை எனலாம். ஆனால் நடனமாட வந்தவர்களுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. குழுவுக்குச் சோறு போட்டவை எக்ஸ்டைன் பாடிய காதற் பாடல்களே. 1947 இல் குழு கலைந்தது.

அதே ஆண்டில் எம்.ஜி.எம். இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. கறுப்பினப் பாடகரிடம் 'புளூஸ்' பாடலையும் வேடிக்கைப் பாட்டையுமே எதிர்பார்த்த சந்தையில், ஆழ்ந்த கனத்த குரலில் மென்மையான காதலைப் பாடி அவர் வென்றார். அவரது சட்டைக் கழுத்துப்பட்டியின் பாணியைக்கூட இளைஞர்கள் பின்பற்றினர்.

இந்த உச்சத்தில்தான் மார்த்தா ஹோம்ஸ் எடுத்த அந்தப் படம் வந்தது. பிரசுரிப்பதா இல்லையா என ஆசிரியபீடம் தயங்கியது. படத்தைத் தெரிவு செய்வது பத்திரிகை அலுவலகத்தில் சில நிமிட வேலை; அதன் விளைவைச் சுமப்பவர் வேறெங்கோ இருப்பார். வெளியிடலாம் என இறுதி முடிவு சொன்னவர் அதிபர் ஹென்றி லூஸ். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. வெள்ளையின ரசிகர்களிடையே எக்ஸ்டைனின் ஏறுமுகம் அத்துடன் தடைப்பட்டதாக இசையுலகில் பலரும் பின்னர் கூறினர். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ரசனை 'ரொக் அண்ட் ரோல்' பக்கம் திரும்பியதும் ஒரு காரணம்தான். எனினும் பிராங்க் சினாட்ராவுக்குத் திறந்த ஹொலிவூட் கதவு இவருக்குத் திறக்கவில்லை. 1952 இல் 'ஸ்கேர்ட்ஸ் அஹோய்' படத்தில் பாடகராகத் தோன்றிப் பாடினார்.

எக்ஸ்டைன் பல தசாப்தங்கள் தொடர்ந்து பாடி, 1993 மார்ச் 8 ஆம் திகதி, பிறந்த ஊரிலேயே காலமானார். தாம் எடுத்த படங்களுள் தமக்கு மிகவும் பிடித்தது அந்தப் புகைப்படமே என்றார் மார்த்தா ஹோம்ஸ்.