நற்செய்தி நூல்களுக்குப் பெயர் வந்தது எப்படி?

மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் 4 பைபிள் நூல்களின் பெயர்கள் இவை. ஆனால் தலைப்பைத் தாண்டி உள்ளே தேடிப் பாருங்க. எழுதியவர் தம் பெயரை எங்கேயும் சொல்லவில்லை.

பிறகு பெயர்கள் எப்படித் தெரிந்தன?

- 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதி: சீடர் பேதுரு சொன்னதை மாற்கு எழுதிவைத்தார் என்றார் ஆயர் பாப்பியாஸ்.

- சுமார் கி.பி. 150: ரோமில் ஜஸ்டின் அவற்றை "அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகள்" என்றார். 4 பெயர்களைத் தரவில்லை.

- சுமார் கி.பி. 180: ஆயர் இரேனியஸ் நால்வரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

பெயர் ஏன் முக்கியமானது?

இயேசுவைப் பற்றி வேறு நூல்களும் புழங்கின. எதை நம்பலாம் என்ற கேள்வி வந்தபோது, சீடர்களுடன் இருந்த தொடர்பு பெரிய ஆதாரமானது.

இப்போது என்ன சொல்கிறார்கள்?

பெயர்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் கைக்கு வந்ததுமே அடையாளம் காணத் தலைப்பு தேவைப்பட்டிருக்கும், அதனால் பெயர்கள் பழையவைதான் என்றார் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹெங்கல்.

தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் "மாற்கு எழுதின சுவிசேஷம்" என்று பார்த்திருப்பீங்க. கிரேக்க மூலத்தில் "எழுதின" என்ற சொல் கிடையாது. அங்கே இருப்பது "மாற்குவின்படி" மட்டும்தான்.