பாசி பறித்தவளும் பாசி வளர்த்தவனும்

எங்கள் திருத்தணி மலைப்படி அடியில் விற்கும் ஐஸ்கிரீமில்கூடக் கொஞ்சம் கடல் இருக்கலாம். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் கராஜீனன், கப்பாபைகஸ் என்ற செம்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. பிலிப்பைன்ஸ் பாசி அது. 1990களில் மண்டபத்தில் மத்திய அரசின் உப்பு, கடல்சார் இரசாயன ஆய்வு நிலையம் அதை வளர்த்துப் பார்த்தது. 2000க்குப் பிறகு பெப்சி வந்தது.

இதற்கெல்லாம் முன்னாலேயே தீவுகளைச் சுற்றி முக்குளித்து மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துக்கொண்டிருந்தவர்கள் பாம்பன் பக்கத்து மீனவப் பெண்கள். 1986இல் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாயின. சட்டத்தின் கண்ணுக்குப் பறித்தவள் அத்துமீறியவளாகிப்போனாள். வெளியிலிருந்து வந்த பாசிக்கோ அறிவியலின் ஆசீர்வாதம்! 2008இல் அதே பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகளை மூடிக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அப்புறமும் 2023இல் வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியாயிற்று.

'நீடித்த பயன்பாடு' என்ற சொல்லாடலை அதிகாரிகள் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள்? மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் கடலில் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டுமே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான்.