கணக்கை முடி!

‘கணக்கை முடி’ என்றால் என்ன அர்த்தம்? தி.நகர் ரங்கநாதன் தெருவில் கடைக்காரரிடம் சொன்னால், பாக்கியைக் கூட்டிப் பணத்தை வாங்கிக்கொள்வார். வங்கியில் சொன்னால், சேமிப்புக் கணக்கையே மூடி மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சினிமாவில் வில்லன் அடியாளிடம் சொன்னால்... சரி, வேண்டாம். இரண்டே வார்த்தை, மூன்று அர்த்தம். கேட்பவர் மனிதர் என்பதால் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்.

கேட்பது மனிதர் இல்லை என்றால்?

செயற்கை நுண்ணறிவு ‘ஏஜென்ட்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிக்கெட் போடு, பில் கட்டு என்றால் அதுவே செய்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவியை, அதாவது ஒரு சின்ன புரோகிராமை, அதன் கையில் கொடுத்திருப்பார்கள். 2023-லிருந்து இந்த ஏற்பாடு பரவலாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் கருவியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. கருவியின் பெயர், கீழே நாலு வரி விளக்கம், என்னென்ன விவரம் தரவேண்டும் என்ற பட்டியல். இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். இதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று தீர்மானிக்கிறது.

அந்த நாலு வரியில் ஒரு புண்ணியவான் ‘வாடிக்கையாளரின் கணக்கை முடிக்கும்’ என்று எழுதி வைத்திருந்தால்? பாக்கியைக் கட்டச் சொன்ன தாத்தாவின் கணக்கையே மூடிவிட்டு, ‘முடித்துவிட்டேன் ஐயா’ என்று பணிவாகச் சொல்லும்!

ஆகவே, அந்த நாலு வரியை எப்படி எழுதுவது என்பது இன்றைக்கு ஒரு தனி வித்தை. கம்ப்யூட்டர்காரர்கள் தாங்களே கண்டுபிடித்த சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கொஞ்சம் மயிலாப்பூருக்கு அழைத்துப் போகலாம், வாருங்கள்.

மயிலாப்பூரில் முன்பு கடலோரமாக ஒரு சமணக் கோயில் இருந்தது. மூலவர் நேமிநாதர். கடல் நெருங்கிவர, சிலையைத் திண்டிவனம் பக்கத்திலுள்ள சித்தாமூருக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்பது சமணர் மரபு. குணவீர பண்டிதரின் இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ என்று பெயர் வந்தது இந்தச் சாமியால்தான். மயிலைநாதர் என்ற உரையாசிரியரின் பெயரும் இவரிடமிருந்தே வந்தது என்பார்கள். அந்த மயிலைநாதர் உரை எழுதியது நன்னூலுக்கு. நமக்குக் கிடைத்துள்ள நன்னூல் உரைகளில் அதுவே பழையது.

நன்னூலை எழுதியவர் பவணந்தி முனிவர். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம், அதாவது 1200-ஐ ஒட்டி. சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள எழுதினார். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி தப்பாகச் சொல்லி பெஞ்சு மேல் ஏறி நின்றவர்களுக்கு நன்னூல் என்றாலே கசக்கும். ஆனால் அதன் முன்னால் இருக்கும் பாயிரத்தை ஒருமுறை புரட்டுங்கள். ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து, இருக்கவேண்டிய அழகுகள் பத்து என்று பட்டியலே போட்டிருக்கிறார்!

நம் ‘கணக்கை முடி’ எந்தக் குற்றம்? படிப்பவரை இதுவா அதுவா என்று தடுமாற விடுவது. அதற்கு ‘மயங்க வைத்தல்’ என்று பெயர். ‘தேதி தரவும்’ என்று மட்டும் எழுதுகிறீர்கள். 3-4 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா? சொல்ல வேண்டியதைக் குறைத்துவிட்டீர்கள்: ‘குன்றக் கூறல்’. மேலே ஓரிடத்தில் பணத்தை ரூபாயில் கேட்டுவிட்டு, கீழே பைசாவில் கேட்பது ‘மாறுகொளக் கூறல்’. ஐந்நூறு ரூபாய் கட்டவேண்டிய இடத்தில் ஐந்து ரூபாய் போய்ச்சேரும்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிடட்டுமா?’ என்கிறீர்களா? அதையும் பவணந்தி விடவில்லை. ‘மிகைபடக் கூறல்’ என்று அதுவும் குற்றப் பட்டியலில் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்வது அழகு, குறைவாகச் சொல்வது குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நூலிழை.

அந்த நூலிழையில் நடக்கத்தான் உரை. சூத்திரம் சுருக்கமாகவே இருக்கலாம். ஆனால் அதன் கருத்து என்ன, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்ன, உதாரணம் எது, இப்படிக் கேட்டால் என்ன பதில் என்று கூடவே சொல்வதற்குக் ‘காண்டிகை உரை’ என்று பெயர். கருவியின் பெயரைச் சூத்திரமாகவும் விளக்கத்தைக் காண்டிகையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ‘மாதாந்திர பாக்கியைச் செலுத்தும். கணக்கை மூடாது. மூடுவதற்கு வேறு கருவி உண்டு. தொகை ரூபாயில். உதாரணம்: 500.’ தாத்தா பிழைத்தார்!

இதில் ‘மூடாது’ என்ற சொல்தான் முக்கியம். என்ன செய்யும் என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். என்ன செய்யாது என்று எழுதத்தான் தோன்றாது. எழுதுகிறவருக்கு அது தெரியும். அதனால் படிப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்.

படிப்பவரின் கஷ்டம் தெரிய வேண்டுமானால் உ.வே.சாமிநாதையரை நினைத்துக்கொள்ளுங்கள். மயிலைநாதர் உரையை 1918-ல் அச்சில் கொண்டுவந்தவர் அவர். பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுதியவரைக் கேட்கலாமென்றால், அவர் போய்ச் சில நூற்றாண்டு ஆகிவிட்டது. அவர் பெயரில் 1943-ல் தொடங்கி, இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் நூலகத்தில் அந்த ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன.

ஐயர் சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவார். இன்னொரு பிரதி கிடைக்கும்வரை ஊர் ஊராக அலைவார். ஏஜென்ட்டுக்கு எப்போதும் அந்தப் பொறுமை இருக்கும் என்று சொல்ல முடியாது. தோன்றிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு அது பாட்டுக்குக் காரியத்தை முடித்துவிடலாம். ஆகவே, நீங்களோ உங்கள் பிள்ளையோ பெண்ணோ இந்தத் தொழிலில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். எழுதிய நாலு வரியை, அந்தக் கருவியைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டால், அதற்கான பதிலையும் அந்த வரிகளில் சேர்த்துவிட்டு அப்புறம் ஏஜென்ட் கையில் கொடுங்கள்.