ஐந்து எழுத்து விழுந்த இடம்

மரம் கடல் பழம் நகம் படம். மும்மூன்று எழுத்தாகப் படித்தால் பொருள் வருகிறது. முதல் சொல்லை அடுத்து ஐந்து எழுத்தை உருவிவிட்டு, அதே கணக்கில் படித்துப் பாருங்கள்: மரம், ம்நக, ம்பட. வாயில் நுழையாது.

ஐஸ்லாந்தில் பிஆர்சிஏ2 என்ற மரபணுவுக்கு நேர்ந்தது இதுதான். உடலின் செல்லும் மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். பல தலைமுறைக்கு முன் யாரோ ஒருவரிடம் ஐந்து எழுத்து விழுந்துபோனது. அறுந்த டிஎன்ஏ இழையை ஒட்டவைக்க உதவும் இந்த மரபணுவின் புரதம், அதன்பின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. பெற்றோரில் மற்றவர் தந்த பிரதி நன்றாக இருக்கும்வரை கவலையில்லை. ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால்தான் வினை, புற்றுநோய் தொடங்கலாம்.

வெளியாள் அதிகம் வராத தீவு. அந்த ஒருவரின் குறை இன்று ஆயிரத்தில் ஆறேழு பேரிடம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் பெண்வழிச் சொத்து என்று நினைப்பவர்கள் உண்டு, தப்பு. அப்பாவும் இதைக் கொடுப்பார். அங்கே அந்த நோய் வந்த ஆண்களிலேயே பத்துக்கு நாலு பேர் இதைச் சுமந்தவர்கள்.

வம்சாவளியையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் அக்கறையாகக் காத்த நாடு அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. இந்தக் குறையோடு பிறந்த பெண்ணுக்கு எழுபது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1920இல் 18.6 சதவீதம், 2002இல் 71.9. விழுந்த எழுத்து அதே ஐந்துதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே மாறியது வாழ்க்கை. ஆட்டுப்பட்டியும் புல்லும் மண்ணும் மூடிய வீடும் போய் ரெய்க்யவிக் நகரம் வந்தது. பிள்ளைகள் குறைந்தார்கள், முதல் பிரசவம் தள்ளிப்போனது. பரிசோதனை பெருகி, முன்பு தப்பிய கட்டிகள் கண்ணில் பட்டதும் ஓரளவு காரணம். அதே காலத்தில் குறையில்லாத பெண்களுக்கும் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கானது: 1.8இலிருந்து 7.5 சதவீதம். சுற்றுச்சூழல் என்றதும் புகைபோக்கியையே தேடுகிறோம். முதல் பிள்ளை எந்த வயதில் என்பதும் சூழல்தான்.

யாரிடம் அந்தக் குறை என்பது ஐஸ்லாந்து மக்களின் மரபணுக்களை ஆராயும் டிகோட் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. கேட்காதவரிடம் சொல்லச் சட்டம் விடவில்லை. 2018இல் நிறுவனம் ஓர் இணையதளம் திறந்தது. விரும்பியவர் பதிந்து கேட்க முடிந்தது. ஐஸ்லாந்தில் மகளின் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான் ஒட்டியிருக்கும். அப்பா கேட்டு, ‘உண்டு’ என்று பதில் வந்தால், அடுத்து அவர் தொலைபேசியில் அழைக்கவேண்டியது அந்த மகளை.