சுல்தான்களுக்காகத் திரண்ட கோலாலம்பூர்

1946 ஏப்ரல் 1-ஆம் தேதி, பிரிட்டிஷார் உருவாக்கிய மலாயன் யூனியனின் முதல் ஆளுநராக எட்வர்ட் ஜென்ட் கோலாலம்பூரில் பதவியேற்றார். விழாவுக்கென வந்திருந்த மலாய் சுல்தான்கள் தங்கியிருந்த ரயில் நிலைய ஹோட்டலை விட்டு நகரவில்லை. போனால் மக்கள் உங்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்று எச்சரித்தவர் ஜொகூரின் டத்தோ ஓன் பின் ஜாபார். ஹோட்டல் வாசலில் திரண்டிருந்த மலாய்க்காரர்கள் தங்கள் அரசர்களை வாழ்த்தி முழங்கினார்கள். அவர்களுடைய சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. ஏழு நாள் துக்கம் என்பதற்கான அடையாளம் அது.

துப்பாக்கி ஏந்தாத எழுச்சிதான். ஆனால் ஓர் அரசியல் சட்டத்தையே அது சாய்த்துவிட்டது.

அந்தக் கோபம் நியாயமானது. 1945 அக்டோபரில் பிரிட்டிஷ் தூதராக வந்த ஹரோல்ட் மக்மைக்கேல், அரியணையில் யாரை அங்கீகரிப்பது என்ற அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே யூனியன் திட்டத்துக்குச் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கினார். அது வெறும் மிரட்டல் இல்லை என்பதைச் சிலாங்கூர் அப்போதே பார்த்திருந்தது. ஜப்பானியர் அமர்த்திய சுல்தான் மூசாவைப் பிரிட்டிஷார் கொக்கோஸ் தீவுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய சகோதரர் ஹிஸாமுடினைக் கிள்ளானில் மீண்டும் அரியணை ஏற்றியிருந்தார்கள். கையெழுத்தோடு இறையாண்மையும் பிரிட்டிஷ் முடிக்குப் போனது. சுல்தான்களுக்கு மிஞ்சியது சமயமும் மலாய் வழக்கங்களும்தான். 1946 மார்ச் மாதம் கோலாலம்பூர் கம்போங் பாருவின் சுல்தான் சுலைமான் கிளப்பில் 41 மலாய்ச் சங்கங்கள் கூடின. மே 11-இல் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்தது.

அதே திட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. மலாயாவில் பிறந்தவர்களுக்கும், 15 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்தவர்களுக்கும் இனம் பாராமல் குடியுரிமை தர அது முன்வந்தது. கிள்ளான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களுக்கும், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த ரயில்வேத் தொழிலாளர்களுக்கும் அதுபோல் ஒரு வாய்ப்பு அதற்கு முன் வந்ததில்லை.

அதைக் காப்பாற்றத் தமிழர் கூட்டம் எதுவும் திரளவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அரசியல் பேசியவர்களின் கண் இந்திய விடுதலை மீது இருந்தது. அந்த மார்ச்சில் மலாயா வந்த நேருவைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதியது. ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியது ஆகஸ்டில். அதற்குள் சுல்தான்களோடும் அம்னோவோடும் பிரிட்டிஷார் புதுப் பேச்சைத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பேச்சில் உருவான திட்டத்தை எதிர்த்து 1947 அக்டோபர் 20-இல் நாடெங்கும் நடந்த ஹர்த்தாலில் இந்தியர்களும் சேர்ந்தார்கள். காலம் கடந்திருந்தது.

1948 பிப்ரவரி 1-இல் யூனியனுக்குப் பதிலாக மலாயாக் கூட்டமைப்பு வந்தது. சுல்தான்கள் தங்கள் இடத்தைத் திரும்பப் பெற்றார்கள். வெளியிலிருந்து வந்து குடியேறியவர் குடியுரிமை கேட்க 15 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இறுகியது. தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத் தொழிலாளிக்கு அந்த விதியே தடையானது. யூனியனின் குடியுரிமை ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகும், வாழ்நாளெல்லாம் இங்கே உழைத்த எத்தனையோ தமிழர்கள் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடுதான் முதுமை அடைந்தார்கள்.